தேசிய மனநலக் கணக்கெடுப்பு அறிக்கை: சைக்கோசிஸ் பற்றிய எண்களைத் தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

இந்தியாவில் வயதுவந்தோர் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு சைக்கோசிஸ் (இல்லாத குரல்களைக் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது என நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) வகைத் தீவிர மனநோய் இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், மேடைகளிலும் பத்திரிகைகளிலும் உடனே வந்து விழும் விடை "நூற்றுக்கு ஒருவர்" என்பதுதான். அதை யார், எங்கே, எந்த ஆண்டில் எண்ணினார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்தி 2016-இல் வெளியிட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு அறிக்கை, இக்கேள்விக்கு வீடுவீடாகச் சென்று எடுத்த விடையைத் தருகிறது. அதைப் பதிவிறக்கக் கட்டணமும் இல்லை. மனநோயாளிகளின் குடும்பத்தாருக்கான தமிழ்க் கையேடுகளை எழுதித் திருத்தும் பணியில் இருப்பதால், இந்த அறிக்கையை நான் அடிக்கடி திறக்க நேர்கிறது. மக்கள் வரிப்பணத்தில் உருவாகி மக்கள் கைக்கு வந்துள்ள ஒரு தகவல் சேவை என்ற முறையில், அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதன் உழைப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு, கேரளம், குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், மணிப்பூர் ஆகிய 12 மாநிலங்களில் 720 குடியிருப்புத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, 18 வயது நிரம்பிய 34,802 பேரை நேரில் கண்டு பேசி எடுத்த கணக்கு இது. களப்பணியாளர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். விடைகளைக் கையடக்கக் கணினியிலேயே பதிந்திருக்கிறார்கள். எல்லா மாநிலங்களிலும் 'மினி' என்ற ஒரே நேர்காணல் கருவியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதற்கு முந்தைய இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு கிராமம், ஒரு வட்டம், ஒரு நகரப் பகுதி என்ற அளவில் நின்றவை. ஒருவர் ஒரு கருவியாலும் இன்னொருவர் வேறொரு வரையறையாலும் அளந்திருந்ததால், அவற்றின் எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வழியே இருக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் பேச இசைந்தார்கள் என்பதும் சாதாரணச் செய்தி அல்ல, ஏனெனில் மனநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு முன்பின் அறியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது எளிதான காரியமன்று.

இப்போது எண்களுக்கு வருவோம். மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) அதைச் சார்ந்த பிற சைக்கோசிஸ் நோய்களும் நேர்காணல் நடந்த காலத்தில் 0.4 விழுக்காட்டினரிடம் இருந்தன என்றும், வாழ்நாளில் எப்போதேனும் இருந்ததாகக் கண்டறியப்பட்டவர்கள் 1.4 விழுக்காட்டினர் என்றும் அறிக்கை கூறுகிறது. ஆயிரத்துக்கு நால்வர் என்பதும் ஆயிரத்துக்குப் பதினால்வர் என்பதும் ஒரே நோய்த் தொகுதியைப் பற்றிய ஒரே அறிக்கையின் இரண்டு விடைகள். மேடையில் சொல்லப்படும் "நூற்றுக்கு ஒருவர்" இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ விழுகிறது. அதனால்தானோ என்னவோ அதை யாரும் மறுப்பதில்லை. மிகையான மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனையக் கோளாறு இந்தக் கணக்கில் சேரவில்லை. அது தனியாக, தற்போதைய நிலையில் 0.3, வாழ்நாளில் 0.5 விழுக்காடு என்று தரப்பட்டுள்ளது. மனஎழுச்சி உச்சத்தில் இருக்கும்போது இல்லாத குரல்களைக் கேட்கும் ஒருவரை அவருடைய குடும்பத்தார் சைக்கோசிஸ் நோயாளியாகவே பார்ப்பார்கள், அறிக்கையோ அவரை வேறு வரிசையில் வைக்கிறது. இந்த வரையறையைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துச் செல்கிறவர் தவறான இடத்துக்கே போய்ச் சேர்வார்.

இரண்டு எண்களில் எதை எடுத்தாள்வது என்று கேட்டால், தயங்காமல் 0.4 என்பேன். உலகெங்கும் 46 நாடுகளில் நடந்த 188 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஒரு மீளாய்வு, மனச்சிதைவின் பரவலை, அதாவது மக்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்ற அளவை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஆயிரத்துக்கு 4.6 என்றும், வாழ்நாளில் ஆயிரத்துக்கு 4.0 என்றும், வெவ்வேறு ஆய்வுகளின் இடைநிலை மதிப்புகளாகக் கண்டது. அந்த மீளாய்வு மனச்சிதைவை மட்டும் பார்த்தது என்றாலும், இந்திய அறிக்கையின் தற்போதைய எண் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. வாழ்நாள் எண்ணோ தற்போதைய எண்ணைப் போல மூன்றரை மடங்காக நிற்கிறது. சிகிச்சையால் அறிகுறிகள் அடங்கியவர்களும், சில வாரங்களே நீடித்த குறுகிய சைக்கோசிஸ் வந்து மீண்டவர்களும் அதில் அடங்குவார்கள் என்பதால் ஓரளவு இடைவெளி எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொல்லும் விடையில் பிழை நுழையும் வழிகள் அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

கருவியைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முழுக் கணக்கும் அதன் தோளில்தான் நிற்கிறது. யாரேனும் உங்களை உளவு பார்க்கிறார்கள் என்று நம்பியதுண்டா, உங்கள் எண்ணங்களைப் பிறர் படிக்கிறார்கள் என்று தோன்றியதுண்டா, மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் உங்களுக்குக் கேட்டதுண்டா என்ற வகையில் மினியின் கேள்விகள் செல்கின்றன. "ஆம்" என்று சொன்னவரிடம் உதாரணம் கேட்டு, அந்த அனுபவம் அவருடைய பண்பாட்டில் இயல்பாகக் கருதப்படுவதாக இருந்தால் அதை அறிகுறியாகக் குறிக்கக் கூடாது என்று கருவியே அறிவுறுத்துகிறது. ஆடி மாதத் திருவிழாவில் சாமி வந்து ஆடி, குறி சொல்லி, மறுநாள் வழக்கம்போல் வயலுக்குப் போகிற ஒருவரையும், அம்மன் தன்னிடம் மட்டும் இரவெல்லாம் பேசுகிறாள் என்று உறங்காமல், உண்ணாமல், வேலைக்கும் போகாமல் இருக்கிற ஒருவரையும் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு, மனநல மருத்துவர் அல்லாத, எட்டு வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற ஒரு களப்பணியாளர் மேல் விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் அவர் சரியாகவே பிரித்திருப்பார் என்று நம்பலாம். ஆனால் அரிதான நோய்களில் "பெரும்பாலான நேரங்களில்" என்பது போதுவதில்லை. ஆயிரம் பேரில் உண்மையாகவே நோயுள்ளவர்கள் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். நோயற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் கருவி தவறாகப் பிடித்தாலும், அப்படிப் பிடிபடுபவர்கள் ஏறத்தாழ பத்துப் பேர் ஆகிவிடுவார்கள். பட்டியலில் உள்ள பதினால்வரில் உண்மையான நோயாளிகள் நால்வர் மட்டுமே. மனச்சோர்வைப் போன்று பரவலாக உள்ள நோய்களில் இந்தச் சிறு பிழை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். சைக்கோசிஸ் கணக்கிலோ விடையையே புரட்டிப்போடும்.

இங்கிலாந்தில் 1993 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் வயதுவந்தோர் மனநலக் கணக்கெடுப்பு இதை வேறு வழியில் கையாள்கிறது. முதல் கட்டத்தில் பயிற்சி பெற்ற நேர்காணலாளர் பொதுவான கேள்விகளையும் சல்லடைக் கேள்விகளையும் கேட்கிறார். அதில் சைக்கோசிஸ் இருக்கக்கூடும் என்று தோன்றியவர்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை இரண்டாம் கட்டத்தில் மருத்துவ நேர்காணலில் பயிற்சி பெற்றவர்கள் 'ஸ்கேன்' (SCAN) என்ற விரிவான நேர்காணல் வழியே சந்திக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பின்படி, கடந்த ஓராண்டில் சைக்கோசிஸ் இருந்தவர்கள் 2007-இல் 0.4 விழுக்காடு, 2014-இல் 0.7 விழுக்காடு. ஏழாண்டுகளில் நோய் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 7,500 பேரைச் சந்தித்த ஒரு கணக்கெடுப்பில் 0.7 விழுக்காடு என்பது ஐம்பது பேருக்குச் சற்றுக் கூடுதல்; இருபது பேர் கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு ஆட்டம் காணும். இதை அறிந்தே அந்த அறிக்கையை எழுதியவர்கள் இரண்டு சுற்றுகளையும் இணைத்துப் பகுப்பாய்வு செய்தார்கள். அப்படி இணைத்தபோதுதான் கறுப்பின ஆண்களிடம் 3.2 விழுக்காடும், ஆசிய ஆண்களிடம் 1.3 விழுக்காடும், வெள்ளையின ஆண்களிடம் 0.3 விழுக்காடும் என்ற பெரிய வேறுபாடு வெளிப்பட்டது. சிறிய எண்களைத் தனித்தனியே பறைசாற்றாமல் சேர்த்து வைத்துப் பேசும் அந்த அடக்கம் நம் அறிக்கையைப் படிப்பவர்களுக்கும் வேண்டும்.

இந்திய அறிக்கையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 34,802 பேரில் 0.4 விழுக்காடு என்றால், மாதிரியை மக்கள்தொகைக்கு ஏற்பச் சரிசெய்யும் எடையிடலை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகச் சொன்னால், 140 பேர். அவர்களைப் பன்னிரண்டு மாநிலங்களுக்குப் பிரித்தால் ஒரு மாநிலத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில் வருகிறார்கள். ஆகவே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் மணிப்பூருக்கும் உள்ள சைக்கோசிஸ் வேறுபாட்டை இந்த அட்டவணைகளைக் கொண்டு பேசுவது, ஒரு பேருந்தில் ஏறியவர்களை எண்ணிவிட்டு ஊரின் மக்கள்தொகையைச் சொல்வதற்குச் சமம். மது, புகையிலை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மாநில எண்கள் பயன்படும். சைக்கோசிஸுக்குத் தேசிய எண் ஒன்றையே நான் நம்புவேன். இந்த எச்சரிக்கையை அறிக்கை இன்னும் உரத்த குரலில் சொல்லியிருக்கலாம். செய்தியாளர்கள் மாநிலப் பட்டியலைத்தான் முதலில் தேடுவார்கள் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல.

அறிக்கையின் மிகப் பெரிய குறை, அது வீடுகளை மட்டுமே எண்ணியது என்பதாகும். பிற மனநோய்களைவிட சைக்கோசிஸ் உள்ளவர்களே வீட்டை விட்டு வெளியேறவும், வெளியேற்றப்படவும் கூடுதல் வாய்ப்புள்ளவர்கள். பேருந்து நிலையங்களில் அலைபவர்கள், சிறையில் இருப்பவர்கள், மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள், காப்பகங்களில் இருப்பவர்கள், கோயில்களிலும் தர்காக்களிலும் குணம் வேண்டி விடப்பட்டவர்கள் ஆகியோரை வீட்டுப் பட்டியலில் தேட முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நிலையில் 28 பேர் இறந்தார்கள். அவர்களைப் போன்றோர் எந்த வீட்டுக் கணக்கெடுப்பிலும் இடம்பெற மாட்டார்கள். அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, வீடுகளோடு சிறைகள், மருத்துவமனைகள், வீடற்றோர் தங்குமிடங்கள் ஆகியவற்றையும் சேர்த்து, நேர்காணல்களை மருத்துவப் பயிற்சி உள்ளவர்களைக் கொண்டு நடத்தியது. மனச்சிதைவுத் தொகுதி நோய்கள் வாழ்நாளில் 1.8 விழுக்காட்டினருக்கும் கடந்த ஓராண்டில் 1.2 விழுக்காட்டினருக்கும் இருந்ததாக அது கண்டது. அந்நாட்டில் அதுவரை புழங்கிய மதிப்பீடுகளைவிட இவை வெகுவாக உயர்ந்தவை. பின்லாந்தில் 2007-இல் வெளியான ஆய்வு இன்னொரு வழியில் சென்றது. முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் நேர்காணல் நடத்தியதோடு, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடுகள், ஓய்வூதியப் பதிவேடுகள், மருந்து மானியப் பதிவேடுகள் ஆகியவற்றையும் ஒப்பிட்டு, எல்லா வகை சைக்கோசிஸ்களையும் சேர்த்து வாழ்நாள் பரவல் 3 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று காட்டியது. இருமுனையக் கோளாற்றுடன் வரும் சைக்கோசிஸும், போதைப்பொருளாலும் உடல்நோயாலும் வருவதும் அதில் அடங்கும். மனச்சிதைவு மட்டும் 0.87 விழுக்காடு. தேடும் வலை அகலமானால் பிடிபடுவோர் கூடுகிறார்கள் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள். இந்திய எண்ணைத் தரையாகக் கொள்ளலாமே தவிர, கூரையாகக் கொள்ள இயலாது.

அத்தகைய பதிவேடுகள் நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேறு வழிகள் இல்லாமல் இல்லை. வட தமிழ்நாட்டில் பழைய காஞ்சிபுரம் மாவட்டப் பகுதியையும் நைஜீரியாவின் இபாதான், கரீபியன் தீவான டிரினிடாட் ஆகியவற்றையும் உள்ளடக்கிய 'இன்ட்ரெபிட்' ஆய்வு, மருத்துவமனைகளோடு நில்லாமல் ஊர்ப் பெரியவர்கள், சுகாதாரப் பணியாளர்கள், மந்திரித்து நோய் தீர்ப்பவர்கள், வழிபாட்டுத் தலங்களில் இருப்போர் ஆகியோரிடமும் விசாரித்து நோயாளிகளைத் தேடியது. "இந்தத் தெருவில் தனியே பேசிக்கொண்டு திரிபவர் யாராவது உண்டா" என்று ஊராரைக் கேட்பது, ஒவ்வொரு கதவாகத் தட்டுவதைவிடக் கூடுதல் விளைவைத் தரும் இடங்கள் நம் கிராமங்களில் நிறைய உள்ளன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த அறிக்கையை நான் ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், அதன் பரவல் அட்டவணைகளைவிட அடுத்து வரும் பகுதிகள் வலுவானவை. சைக்கோசிஸ் உள்ளவர்களில் 75.5 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை என்று அது காட்டுகிறது. நோயாளி ஒருவருக்காகக் குடும்பம் மாதந்தோறும் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் வரை தன் கையிலிருந்து செலவிடுகிறது என்றும், ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர் எண்ணிக்கை மத்தியப் பிரதேசத்தில் 0.05, கேரளத்தில் 1.2 என்றும் அது பதிந்திருக்கிறது. ஓர் அரசு நிறுவனம் அரசின் பணிகளைப் பற்றியே இத்தனை வெளிப்படையாக எழுதுவது பாராட்டத்தக்கது. இந்த 75.5-ஐப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். சென்னையில் ஒரு நகர்ப்புறப் பகுதியில் மனச்சிதைவு உள்ள 261 பேரைக் கண்டறிந்து 1998-இல் வெளியான ஆய்வில், ஒருபோதும் சிகிச்சையே பெறாதவர்கள் 75 பேர், அதாவது நூற்றுக்கு 29 பேர் அளவில் இருந்தார்கள். இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் அளந்தவை வேறு: ஒருபோதும் மருத்துவரைப் பாராதவர் ஒரு வகை, ஒருமுறை பார்த்து மாத்திரை வாங்கி மூன்று மாதத்தில் நிறுத்தியவர் இன்னொரு வகை. மாவட்ட அளவில் திட்டமிடுபவருக்கு இரண்டாம் வகையினரைப் பற்றிய செய்திதான் கூடுதல் பயன் தரும், ஏனெனில் அவர்களுடைய முகவரி ஏற்கெனவே ஏதோ ஒரு வெளிநோயாளர் பதிவேட்டில் இருக்கிறது.

இதற்கு மாற்றாகப் பலர் நாடுவது, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ.எச்.எம்.இ. நிறுவனம் நடத்தும் உலக நோய்ச்சுமை இணையதளம். பயன்படுத்த வசதியானது, நாடு, ஆண்டு, பால், வயது என்று தேர்ந்தெடுத்தால் நொடியில் வரைபடமும் எண்ணும் வந்துவிடும். அதே முறையில் இந்திய மாநிலங்களுக்குச் செய்யப்பட்டு 2019 டிசம்பரில் இணையத்தில் வெளியான கணக்கு, 2017-இல் இந்தியாவில் மனச்சிதைவு உள்ளவர்கள் 35 லட்சம் பேர், எல்லா வயதினரையும் சேர்த்த மக்கள்தொகையில் 0.3 விழுக்காடு என்று மதிப்பிட்டது. குழந்தைகளையும் வகுக்கும் எண்ணில் சேர்ப்பதாலும், பிற சைக்கோசிஸ்களைச் சேர்க்காததாலும் இது நிம்ஹான்ஸின் 0.4-க்குக் கீழே இருப்பது இயல்பே. ஆனால் இத்தளத்தில் வருபவை கணித மாதிரிகள் தரும் கணிப்புகள். யாரும் எந்தக் கதவையும் தட்டாத மாநிலத்துக்கும், தட்டாத ஆண்டுக்கும் தசமப் புள்ளியோடு விடை தந்துவிடும். அந்த வழவழப்பே எனக்கு உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுத் தகவல் தாள் தந்த எண்ணும் (உலகில் 300 பேரில் ஒருவர், வயதுவந்தோரில் 222 பேரில் ஒருவர்) இந்த ஊற்றிலிருந்து வந்ததே. ஒரு பேச்சுக்கோ துண்டறிக்கைக்கோ அது போதும். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேருக்கு ஊசி மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்று கணக்கிட அது போதாது.

பயன்பாட்டு வசதியில் நிம்ஹான்ஸ் அறிக்கை பின்தங்கியே இருக்கிறது. ஆங்கிலப் பிடிஎஃப் கோப்புகளாக, சுருக்கம் ஒரு தொகுதியாகவும் முழு அறிக்கை மற்றொரு தொகுதியாகவும் இருப்பதால், அட்டவணை எண்களைக் கையாலேயே பெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது. இங்கிலாந்துக் கணக்கெடுப்பு ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் எக்செல் அட்டவணைகளைத் தனியே வைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் குறை பெரிதாகவே தெரியும். சைக்கோசிஸ் பற்றிய செய்திகள் பரவல், இயலாமை, சிகிச்சை இடைவெளி, செலவு என்று பல இடங்களில் சிதறியுள்ளன. நேரமில்லாதவர்கள் சுருக்கத் தொகுதியை எடுத்துச் சிகிச்சை இடைவெளிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆய்வு செய்பவர்கள் முழு அறிக்கையின் முறையியல் அத்தியாயத்தைப் படிக்காமல் எந்த எண்ணையும் தொடாமல் இருப்பது நல்லது. அரசு அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தார், செய்தியாளர்கள் ஆகியோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தம் வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டிருப்பதை இப்போதுதான் அறிந்த குடும்பத்தாருக்கு இது உகந்ததன்று. அவர்கள் தேடுவது இதில் இல்லை.

இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்கான பணிகளை நிம்ஹான்ஸ் மேற்கொண்டுவருகிறது. அதில் நேர்காணலில் சைக்கோசிஸ் என்று குறிக்கப்பட்டவர்களை, எல்லோரையும் இயலாவிட்டாலும் ஒரு பகுதியினரையேனும், மனநல மருத்துவர் மீண்டும் சந்தித்து உறுதிசெய்த எண்ணைத் தனியே வெளியிட்டால், 0.4-க்கும் 1.4-க்கும் நடுவே உள்ள பெரும் இடைவெளிக்கு விளக்கம் கிடைக்கும். காப்பகங்களையும் சிறைகளையும் ஒரு மாநிலத்திலேனும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக் கணக்கு எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்பதும் தெரியவரும். அட்டவணைகளை எக்செல் கோப்பாகத் தருவதற்கு மட்டும் எந்தக் கூடுதல் நிதியும் தேவைப்படாது.